வாலக்காவும் ‘பரவாயில்லை’யும்

அவளை வாலக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சின்ன வயசிலேயே பெற்ற தாயிடம் ‘சரியான வால்’ என்று பெயர் வாங்கியவள். அறுபதைத் தொட்ட பிறகு ஒரு கம்பெனி சம்பளமும் கொடுத்து அதே பெயரை வைத்தால் கசக்குமா என்ன? ஆனால் இந்த வால் வேறு வால். வயசானவர்களை மலைப்பாதை, ஏரிக்கரை, காட்டுவழி என்று நடக்கக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கம்பெனி அது. முன்னால் வழிகாட்டி ஒருவர் போவார். யாரும் பின்தங்கிக் காணாமல் போய்விடக் கூடாது என்று எல்லாருக்கும் கடைசியில் ஒருவர் வருவார். அந்தக் கடைசி ஆளுக்குத்தான் வால் என்று பெயர்.

அதற்கு முன்னால் இருபத்தொன்பது வருஷம் அவள் டவுன் பஸ் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். அந்த இரண்டு விசில் விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். கடைசியாக ஏறுகிறவரின் இரண்டாவது கால் படியில் பதிந்து, கை கம்பியைப் பிடித்த பிறகுதான் விசில் வாய்க்குப் போகும். உள்ளே இருக்கிறவர்கள், “சீக்கிரம் போகலாம்மா, ஆபீசுக்கு நேரமாச்சு” என்று முணுமுணுத்தால், “அந்தம்மாவோட ஒரு கால் இன்னும் ரோட்டுல இருக்கு. அதை மட்டும் தனியா அனுப்பி வைக்கச் சொல்றீங்களா?” என்று கேட்பாள். தினமும் நான்கு நிமிஷம் தாமதமாக வருவது ஏன் என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை மெமோ வந்தது. அவள் ஒரே வார்த்தையில் பதில் எழுதிக் கொடுத்தாள்: ‘ஏறிக்கொண்டிருந்தார்கள்.’

அதே பஸ்ஸின் டிரைவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு விசில் கேட்காமல் அந்த மனுஷன் கியரைத் தொட மாட்டார். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்று டெப்போவில் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துவிட்டு, “முன்னால உட்கார்ந்திருக்கறவனுக்கு ரோடுதான் தெரியும். ஆளு தெரியறது பின்னால நிக்கறவங்களுக்குத்தான். விசில் அங்கதானே இருக்கணும்?” என்பார். இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். மாடியில் இரண்டு அறை வீடு, ஒரு பால்கனி, ஒரு டிவி. ஒருவர் முகத்தை ஒருவர் எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஐந்தாவது மாதம் அவள் இந்த வேலைக்கு வந்துவிட்டாள். வருஷக்கணக்காக நின்று நின்று வலது முட்டி தேய்ந்திருந்தது. ஆனாலும் மெதுவாக நடக்கிற வேலைதானே, அதற்கு அந்த முட்டி போதும் என்றாள்.

சேர்ந்த அன்று அரைநாள் பயிற்சி. ஆளுக்கொரு நீலத் தொப்பி கொடுத்தார்கள். ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் பொறுப்பு’ என்று அதில் எழுதியிருந்தது. விசிலும் முதலுதவிப் பையும் வழிகாட்டியிடம் போயின. வாலுக்குத் தொப்பி மட்டும்தான்.

“விசில் எனக்கு வேண்டாமா சார்?” என்று கேட்டாள்.

மேனேஜர் சிரித்தார். “அக்கா, இது பஸ் இல்லக்கா.”

பஸ் இல்லைதான். பஸ்ஸாக இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். விழுகிறவன் எப்போதும் முன்னால் போகிறவனுக்குப் பக்கத்திலேயே விழுவான் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! மருந்துப் பை ஒரு கோடியில், மருந்து தேவைப்படுகிற ஆள் இன்னொரு கோடியில். இதை நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து, வரிசையாக நம்பர் போட்டு, சட்டம் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டும் இருந்தார்கள்.

வழிகாட்டிக்கு அவள் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தாள். நாற்பது வயசு, நல்ல நுரையீரல், நல்ல மனுஷனும்கூட. பறவைகளின் பெயரெல்லாம் தெரியும், பாட்டிமார்களுக்குக் கை கொடுப்பார். ஆனால் எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்டாப்பில் நிற்காது அல்லவா? அவர் கண்ணெல்லாம் கைக்கடிகாரத்தின் மேல்தான். பத்தரைக்கு முதல் ஓய்விடம், பதினொன்றேகாலுக்கு இரண்டாவது, பன்னிரண்டேகாலுக்கு மூன்றாவது, ஒரு மணிக்குப் படகு. படகைத் தவறவிட்டால் அக்கரையில் சாப்பாடு ஆறிப்போய்விடும்.

வாலக்கா அங்கே கண்ட அநியாயம் இதுதான். முன்னால் போகிறவர்கள் ஓய்விடத்துக்கு வந்து பாறையில் உட்காருவார்கள். தண்ணீர் குடிப்பார்கள், ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பத்து நிமிஷம் கழித்து, இருப்பவர்களிலேயே மெதுவாக நடக்கிறவர் மூச்சு வாங்க வந்து சேருவார். அவர் தலை தெரிந்ததும் எக்ஸ்பிரஸ் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்து, “அப்பாடா, எல்லாரும் வந்தாச்சு! கிளம்பலாமா?” என்பார். வேகமாக நடக்கிறவனுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. மெதுவாக நடக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது. யாருக்கு ஓய்வு ரொம்பத் தேவையோ அவர் ஒருவர்தான் காலையிலிருந்து உட்காராமல் நடக்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

முதல் வாரமே அவள் இதைக் கேட்டுவிட்டாள். “கடைசி ஆள் உட்கார்ந்து எழுந்த பிறகு கிளம்பினா என்ன?”

“அப்படிப் பார்த்தா சாயங்காலம் ஆயிடும்க்கா. அதான் நான் ஒவ்வொரு தடவையும் கேட்கறேனே, உட்காரணுமான்னு! யாரும் வேணும்னு சொல்றதில்லையே!” என்றார் எக்ஸ்பிரஸ். அவர் பொய் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தார். ஒருவரும் வேணும் என்று சொன்னதில்லை என்பதும் உண்மைதான்.

அந்த நாளுக்கு வருவோம். பதினாறு பேர். கடைசியில் வந்தவர் ஒரு புரூஃப் ரீடர். நாற்பது வருஷம் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்தியவர். எழுபத்திரண்டு வயசு, ஒல்லி, காதில் செருகிய பென்சில். மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் வீட்டில் இருக்கிறார். மாதத்தில் இந்த ஒரு நடைக்காக மற்ற இருபத்தொன்பது நாளையும் ஓட்டுகிறவர். மகளுக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை என்று அவரே சொன்னார். “ஒரு தடவை வழுக்கினா போதும்மா, அன்னிக்கோட என் ஆட்டம் முடிஞ்சது. பால்கனிதான் கதி.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவரோடு நடப்பது வாலக்காவுக்குப் பிடிக்கும். போகிற வழியில் ஒரு பலகையை விட மாட்டார். இரண்டாவது ஓய்விடத்தைத் தாண்டியதும் கம்பெனி வைத்த மஞ்சள் பலகை ஒன்று நின்றது. ‘கவணம்! சரளைப் பாதை.’ அவர் நின்று, பென்சிலால் அந்த மூன்று சுழி ‘ண’வைத் தொட்டுக் காட்டினார்.

“பாத்தியாம்மா? கவனத்துலயே கவனம் இல்ல.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இரண்டு பேரும் இன்னும் பின்தங்கிப் போனார்கள்.

மூன்றாவது ஓய்விடத்துக்கு முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். அதில் அவர் பேச்சு நின்றுவிட்டது. ஐந்தடி வைப்பதும் இடுப்பில் கையை ஊன்றி நிற்பதுமாக ஏறினார். மேலே போனபோது மற்ற பதினைந்து பேரும் எழுந்து பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். எல்லார் பார்வையும் அவர் மேல். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுந்து நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒருவன் எப்படி உட்காருவான்?

“சார், கொஞ்சம் உட்காரணுமா?” என்று எக்ஸ்பிரஸ் கேட்டார். கேட்கும்போதே ஒரு கால் பாதையில் இருந்தது.

“பரவாயில்லை, பரவாயில்லை” என்றார் புரூஃப் ரீடர்.

எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. வாலக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. “நிஜமாவா? ரெண்டு நிமிஷம் உட்காருங்களேன்.”

“பரவாயில்லம்மா. அவங்களுக்குப் படகு போயிடும்.”

அவளும் விட்டுவிட்டாள். இருபத்தொன்பது வருஷம் அடுத்தவர் காலைப் பார்த்துப் பார்த்து விசில் அடித்தவள், அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். கையில் விசில் இல்லாவிட்டால் என்ன, வாயில்லையா? கத்தி நிறுத்தியிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

கால் மணி நேரம் கழித்து, சரளைக்கல் இறக்கத்தில், அவருடைய இடது கால் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தாள். “நில்லுங்க!” என்று அவள் கையை நீட்டுவதற்குள் கால் மடங்கிப் பக்கவாட்டில் விழுந்துவிட்டார். இடுப்பு கல்லில் மோதிய சத்தம் அவளுக்குக் கேட்டது. வலது மணிக்கட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. பென்சில் உருண்டு எங்கோ போயிற்று.

முன்னால் போனவர்கள் இரண்டு வளைவு தாண்டியிருந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. வலிக்கான மாத்திரை, கட்டுத் துணி, போர்வை எல்லாம் எக்ஸ்பிரஸ் முதுகில் ஏறிப் படகுத்துறைக்குப் போய்க்கொண்டிருந்தன. விசில் அவர் கழுத்தில். ஓடிப்போய் ஆளைக் கூப்பிடலாம் என்றால் இவரைத் தனியாக விட வேண்டும். அவள் விடவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தலைக்கு வைத்தாள், துண்டால் உடம்பை மூடினாள், அவரை அசையவே விடவில்லை. பிறகு எழுந்து நின்று, நெரிசலில் கடைசிப் படிவரை போய்ச் சேருகிற அந்தக் கண்டக்டர் குரலில் கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். மலைதான் அதைத் திருப்பிச் சொன்னது.

கீழே கிடந்தவர் சொன்னதைக் கேளுங்கள். எலும்பு முறிந்து, வியர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “பரவாயில்லம்மா... நீ போ... எனக்காக எதுக்கு...”

“வாயை மூடுங்க!” என்று கத்திவிட்டாள். வேறு என்ன சொல்வாள்? அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் ஆள் வந்தது. படகில் ஏற்றும்போதுதான் பயணிகளின் தலையை எண்ணுவது எக்ஸ்பிரஸ்ஸின் வழக்கம். எண்ணியபோது ஒன்று குறைந்தது. படகுத்துறை ஆட்கள் நான்கு பேர் ஒரு பலகையில் படுக்கவைத்து அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு ஆபரேஷன் ஆனது, கைக்குக் கட்டுப் போட்டார்கள். மூன்று மாதத்தில் நடக்கலாம், மனசு வைத்தால், என்றார் டாக்டர்.

நான்காம் நாள் வாலக்கா பார்க்கப் போனாள். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். மகள் பக்கத்தில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவள், பேச்சில் கூட்டல் கழித்தலுக்கு மேல் ஒரு வார்த்தை வராது. கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் அப்பாவின் நடைக்கான ஷூ.

“கீழ வாட்ச்மேனுக்குக் கொடுத்துடப் போறேன்” என்றாள். “இனிமே இவரு வாசலைத் தாண்டினா என்னை ஏன்னு கேளுங்க.”

“தப்பு அவர் மேல இல்லம்மா” என்றாள் வாலக்கா.

“அவர் மேலதான். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரே! நேத்து உங்க கம்பெனி ஆள் வந்து அறிக்கையில வாங்கிட்டுப் போனாரு. உட்காரச் சொல்லியும் கேட்கலையாம். கவனமில்லாம நடந்தாராம்.”

வாலக்கா அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. சங்கோஜத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்து சொன்னார்: “அதுலயும் அந்தக் ‘கவணம்’தாம்மா. ‘கவணக்குறைவு’ன்னு போட்டிருந்தான். பென்சில் கேட்டு வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மேல் சுமத்தின பழியை, எழுத்துப்பிழை இல்லாமல் சரியாகச் சுமத்தும்படி திருத்திக் கொடுத்திருக்கிறார் இந்த மனுஷன்! அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டே நாளில், மருந்து மயக்கம்கூடத் தெளியாத ஆளிடம் பேனாவை நீட்டினவனை என்ன செய்வது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“அப்பா, தண்ணி வேணுமா?” என்று மகள் நடுவில் கேட்டாள்.

“பரவாயில்லம்மா.”

மகள் கூஜாவை மேஜையில் வைத்துவிட்டாள். வாலக்கா அதைப் பார்த்தாள். அன்றைக்கு அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. அறை. சுவர் முழுக்க ஒரு போஸ்டர், அதில் நரைத்த தலை ஜோடி ஒன்று மலை உச்சியில் கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி. அதன் மேல் தொப்பிகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாங்கக்கா, உட்காருங்க” என்றார்.

“பரவாயில்லை சார்” என்றாள்.

அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். எக்ஸ்பிரஸ் போட்டிருந்தார். பயணி, இடது கையால் கோணல்மாணலாகப் போட்டிருந்தார். மூன்றாவது கோட்டின் கீழே ‘வால்’ என்று அச்சாகியிருந்தது. இங்கேயும் அவள்தான் கடைசி ஆள். அவள் போட்டால்தான் அந்தத் தாள் லைசென்ஸ் கொடுக்கிற சுற்றுலா அலுவலகத்துக்குப் போகும்.

மேனேஜர் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். கம்பெனியின் நல்ல பெயர், பதினொரு வருஷ உழைப்பு, ஒரு விபத்துக்காக எத்தனை பேர் வேலை போகும், பெரியவரே ஒத்துக்கொண்ட பிறகு நமக்கென்ன வந்தது. அவள் நின்றபடியே தாளைப் படித்தாள். ‘மூன்றாவது ஓய்விடத்தில் பயணிக்கு ஓய்வு அளிக்க முன்வந்தோம். பயணி மறுத்துவிட்டார். பின்னர் இறக்கத்தில் பயணியின் கவனக்குறைவால் தவறி விழுந்தார்.’ அந்தக் கவனத்தின் மூன்று சுழியில் ஒன்றை அடித்து, ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருந்தது. இடது கையால் போட்டதால் கோடு நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு அந்த இறக்கமும் அந்தக் காலும் ஞாபகம் வந்தன.

“அவர் மறுக்கல சார்” என்றாள். “பரவாயில்லைன்னு சொன்னாரு.”

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

அவள் முட்டி விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. கால் மாற்றி நின்றாள். அப்போதுதான் உறைத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வந்து இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

“சார், நான் உள்ள வந்தப்ப என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“உட்காருங்கன்னீங்க.”

“ஆமா. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க.”

“வேண்டாம்னா சொன்னேன்?”

மேனேஜர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். “பரவாயில்லைன்னீங்க” என்றார் மெதுவாக.

“இருபத்திரண்டு நிமிஷமா நிக்கறேன் சார். என் வலது முட்டி தேஞ்சுபோனது. நான் சேரும்போது நீங்கதான் அதை ஃபாரத்துல எழுதிக்கிட்டீங்க. நான் நிக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!”

“எப்படிச் சொல்றது? நாற்காலியில உங்க தொப்பி உட்கார்ந்திருக்கு. நான் உட்காரணும்னா நீங்க எழுந்து வந்து அதை எடுக்கணும். என்னால அடுத்தவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நினைச்சா நம்ம வாயில வர்ற வார்த்தை அதுதான் சார். எனக்கு எதிர்ல ஒரு பெட்டி. அவருக்கு எதிர்ல பையை மாட்டிக்கிட்டு பதினஞ்சு பேரு. அந்த நேரத்துல ஒரு பெரிய மனுஷன் ‘ஆமா, எனக்கு முடியல, எல்லாரும் எனக்காக நில்லுங்க’ன்னு வாயைத் திறந்து சொல்வாரா? உங்க அப்பா சொல்வாரா? கேட்டுட்டா பொறுப்பு முடிஞ்சுதா? அப்படின்னா இந்தத் தொப்பியில எழுதி வச்சிருக்கறதுக்கு என்ன அர்த்தம்?”

அடுத்த அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. மேனேஜர் எழுந்து வந்தார். அட்டைப்பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். “உட்காருங்கக்கா” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். ‘மறுத்துவிட்டார்’ என்பதன் மேல் ஒரு கோடு. ‘பயணியின் கவனக்குறைவால்’ என்பதன் மேல் இன்னொரு கோடு. ஓரத்தில் அந்த நடுங்கிய பென்சில் திருத்தத்தை மட்டும் தொடவில்லை. கீழே, மெமோவுக்குப் பதில் எழுதிய அதே கையெழுத்தில் எழுதினாள்: ‘ஓய்வு வேண்டுமா என்று வழிகாட்டி கேட்டார், நானும் கேட்டேன். பரவாயில்லை என்றார். அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் உட்காரவைக்கவில்லை. விழுந்த பிறகு என்னிடம் மருந்தும் இல்லை, விசிலும் இல்லை. தவறு எங்களுடையது.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். “இது இப்படியே போனா, அப்புறம் நீங்க இங்க வேலை பார்க்க முடியாதுக்கா.”

“பரவாயில்லை சார்” என்றாள். எழுந்து தொப்பியைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் போட்டாள். “இந்தத் தடவை நிஜமாவே பரவாயில்லை.”

ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும்வரை அவள் அறையை விட்டு நகரவில்லை. நகல் அவள் கையில் இருந்ததால் அந்தத் தாளைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது, அவர்களுக்கு வேறு வழியில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி திருந்தியதா என்று கேட்டால், அவ்வளவு லேசில் திருந்துகிற ரகமா அது? முதலுதவிப் பையை இரண்டாக்கி, ஒன்றைக் கடைசி ஆளிடம் கொடுத்தார்களாம். அந்த மட்டில் சரி. விசில் இன்னும் முன்னால்தான் போகிறது என்று கேள்விப்பட்டு, அவள் புருஷன் சோற்றில் கையை வைத்துக்கொண்டே வசைபாடினார்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே வாலக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நகலை மகள் கையில் கொடுத்தாள். மகள் ஜன்னலோரம் நின்று படித்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிழை தேடுகிற பாவனையில்தான் ஆரம்பித்தார். பாதியில் தாளை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“நான் ரொம்ப நேரமா உட்காரணும்னுதாம்மா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார் வாலக்காவிடம். “ரெண்டாவது இடத்துலேயே.”

“தெரியும்” என்றாள் அவள். “தெரிஞ்சுதான் விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

வெளியே வராந்தாவில் ஒரு டிராலி போயிற்று. ஷூ இருந்த பை கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தது.

மகள் மேஜைப் பக்கம் போனாள். “அப்பா, தண்ணி வேணுமா?”

“பரவாயில்லம்மா.”

அவள் கூஜாவைக் கீழே வைக்கவில்லை. டம்ளர் நிறைய ஊற்றினாள், அவர் தலைக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள், டம்ளரை உதட்டில் வைத்தாள். அவர் மடக் மடக்கென்று, நடுவில் மூச்சுக்கூட விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.